அட்டையின் பச்சைப் பக்கம்

எந்த இடத்தில் செத்துக் கிடந்தால் பார்க்கிறவன் நன்றாகப் பதறுவான் என்று கண்ணுச்சாமி கால் மணி நேரமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

கட்டிலில் கிடந்தால் தூங்குகிறார் என்று நினைத்துவிடுவார்கள். குளியலறை வேண்டாம், ஒரே ஈரம். கடைசியில் வாசற்கதவுக்கு நேரே, கூடத்துத் தரைக்குத்தான் அந்தப் பாக்கியம் கிடைத்தது.

செம்பைக் கவிழ்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி எட்டத் தள்ளினார். ஒரு கையைத் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டார்.

இப்படியோர் அம்சமான பிணத்தை வில்லாபுரம் உண்டான நாளிலிருந்து கண்டிருக்காது.

கதவை மட்டும் ஒருக்களித்து வைத்திருந்தார். பதற்றத்தில் உடைத்துத் தொலைத்தால்? அசல் தேக்கு.

எழுபத்து நான்கு வயது. மனைவி போய் ஆறு வருடம். தெருவின் மூத்தோர் சங்கம், இவரைப் போலத் தனியாக இருக்கும் பதினொரு பேருக்கும் ஆளுக்கோர் அட்டை கொடுத்திருந்தது. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. ராத்திரி படுக்கப் போகும்போது கேட்டில் சிவப்பு தெரியும்படி திருப்ப வேண்டும். காலையில் எழுந்ததும் பச்சை. எட்டு மணிக்கும் சிவப்பாகவே இருந்தால், பொறுப்பான பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே போய்ப் பார்த்து ஆம்புலன்சுக்குச் சொல்ல வேண்டும். பச்சை என்றால் ஒரு படம் எடுத்து சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் போதும்.

இன்று கண்ணுச்சாமி வேண்டுமென்றே திருப்பவில்லை.

எல்லாம் மனநலம் பற்றிப் பேசப் போன வாரம் சங்கத்துக்கு வந்த திவ்யாவால் வந்தது. எல்லோருக்கும் ஒரு கேள்வித்தாள் கொடுத்தாள். ‘உங்களைத் தேட யாரும் இல்லை என்று தோன்றியதுண்டா?’ என்றது நான்காவது கேள்வி.

‘என்னைத் தேடாத ஆள் மதுரையிலேயே கிடையாது’ என்று எழுதிக் கொடுத்தார்.

அவள் சிரித்துவிட்டு ஒரு டிக் போட்டாள். கவலைப்பட ஒன்றுமில்லையாம்.

அந்த டிக் அன்றிலிருந்து அவரைத் தூங்கவிடவில்லை.

மணி எட்டு அடித்தது. எறும்பு ஒன்று காதுவரைக்கும் வந்து, ஆள் எப்படி என்று விசாரித்துவிட்டுத் திரும்பியது.

அவருக்குப் பொறுப்பு, இடப்பக்கத்து வீட்டுப் பாண்டிராஜ். முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக விசிலடித்த ஆள். ‘அண்ணே’ என்று அவன் போடப்போகும் சத்தத்தில் பசுமலை நாலடி நகர்ந்து உட்காரும். அப்போது சட்டென்று எழுந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும். திட்டம் அவ்வளவுதான். தனக்காக ஒருவன் பதறி ஓடிவருவதை, இருக்கும்போதே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

செருப்புச் சத்தம் வாசல் கேட் அருகே வந்து நின்றது. கண்ணுச்சாமி மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

அட்டை கம்பியில் உரசித் திரும்பியது.

செல்போன் ‘க்ளிக்’ என்றது.

செருப்பு நடையைக் கட்டியது.

பிணம் எழுந்து, செம்பில் இடறி, வாசலுக்கு ஓடியது.

“அடேய் பாண்டிராஜு! நான் இங்க செத்துக் கிடக்கேன், நீ பாட்டுக்கு அட்டையத் திருப்பிட்டுப் போற?”

பாண்டிராஜ் திரும்பி நின்று ஏற இறங்கப் பார்த்தான்.

“செத்தவருக்கு இம்புட்டுத் தொண்டையாண்ணே? உள்ள வந்தா மத்தியானம் வரைக்கும் விட மாட்டீக. எனக்குச் சோலி கெடக்கு.”

“நாளைக்கு நெசமாவே செத்தாலும் இதத்தேன் செய்வியா?”

“நீங்க மட்டும் ரொம்ப ஒழுங்கு! திங்கக்கிழமை ஒச்சம்மாக்கா வீட்டு அட்டையத் திருப்புனது யாராம்? மாடியில துணி காயப் போட்டுக்கிட்டுப் பாத்துக்கிட்டுத்தேன் இருந்தேன்.”

வலப்பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் கண்ணுச்சாமியின் பொறுப்பு. மூட்டு வலியைப் பற்றி ஆரம்பித்தால் ஆடியில் தொடங்கித் தையில்தான் முடிப்பாள். கதவைத் தட்டினவன் தாடி வளர்ந்துதான் வெளியே வர வேண்டும்.

“அது ஒரே ஒரு நாளுடா,” என்றார் கண்ணுச்சாமி. “அசந்து தூங்குது போலன்னு திருப்பி விட்டேன். மறுநாளே அந்தம்மாவுக்குப் புத்தி வந்துருச்சு. செவ்வாய், புதன், இந்தா இன்னைக்கு... நான் எந்திரிச்சு வாரதுக்கு முன்னாடியே பச்சை தொங்குது. அட்டைய நான் தொடவே இல்ல. உன்னய மாதிரியா...”

இன்று ஆறரை மணிக்கே அதைப் படம் பிடித்துக் குரூப்பில் போட்டுவிட்டுத்தான் வந்து செத்திருந்தார்.

சொல்லிக்கொண்டே வலப்பக்கத்துக் கேட்டைத் திரும்பிப் பார்த்தார்.

நேற்று ராத்திரி தன் அட்டையைச் சிவப்புக்குத் திருப்ப வந்தபோது வலப்பக்கமும் பார்த்திருந்தார். அதற்கு முந்தின ராத்திரியும் பார்த்திருந்தார். பச்சைதான். கிழவிக்கு மறதி என்று சிரித்துக்கொண்டே போய்ப் படுத்தார்.

“என்னாண்ணே, பேச்சைக் காணோம்?” பாண்டிராஜ் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை காலை கண்ணுச்சாமி பச்சையாக்கிய பிறகு, அந்த அட்டையைச் சிவப்பாக்க யாரும் வெளியே வரவில்லை.