லைன் வரல

"உள்ள போனதும் கேட்டைப் பூட்டிடும்மா. சாவி உன்கிட்டயே இருக்கட்டும். என்ன கேட்டாலும் அவகிட்ட மட்டும் கொடுத்துடாத."

போனில் இளஞ்செழியன் சொன்னதைக் கேட்டுக்கொண்டே பிராமி பூட்டைத் திறந்தாள். வேங்கிக்காலில் அவர் புதிதாகக் கட்டிய வீடு. சாவியை எதிர் மளிகைக்கடை வெள்ளையம்மாளிடம் கொடுத்து வைத்திருந்தார். அவர் மனைவி சில நாள் உள்ளேயிருந்து கத்துவாள், பயப்படாதே என்று அந்தம்மாவும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

பிராமி கேபிள் ஆபீஸில் இன்டர்நெட் ரிப்பேர் பார்ப்பவள். மனைவிக்குப் புத்தி சரியில்லை, ஆண்களைக் கண்டால் மிரண்டு விடுவாள், அதனால் பெண்ணைத்தான் அனுப்ப வேண்டும் என்று இளஞ்செழியன் ஓனரிடம் கேட்டிருந்தார். ஓனருக்கு அவர் ரொம்ப வேண்டியவர். வேலையில் ஏதாவது குறை வந்தால் பிராமி மறுநாள் ஆபீஸ் பக்கம் போகவே முடியாது.

இளஞ்செழியனுக்குச் செங்கம் ரோட்டில் லாட்ஜ். இன்று பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்தில் அதை விட்டு நகர முடியாது. மற்ற நாட்களில் வீட்டுக் கேமராவைப் போனில் பார்த்தபடி மனைவியைக் கவனித்துக்கொள்வார். இன்று காலையிலிருந்து கேமரா தெரியவில்லை. போன மாதம் மாடியிலிருந்து குதிக்கப் போனவள், தனியாக இருக்கிறாள், சீக்கிரம் சரி பண்ணிக் கொடு என்று கெஞ்சுகிற குரலில் சொன்னார்.

"நம்பற மாதிரி பேசுவாம்மா. காதுல வாங்காத."

பிராமி கேட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். ஹாலில் ஒரு கேமரா, சமையலறையில் ஒன்று, பின்கதவுக்கு மேல் ஒன்று. டி.வி. மேசைக்குக் கீழே மோடத்தில் சிவப்பு லைட் மினுக்கிக்கொண்டிருந்தது.

சமையலறை வாசலில் அவர் மனைவி கஸ்தூரி நின்றிருந்தாள். தலை படிய வாரி, நல்ல புடவை கட்டி, வீட்டுக்குள்ளேயே செருப்புப் போட்டிருந்தாள். ஒரு கை மட்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பிராமி வணக்கம் சொன்னாள்.

மோடத்தை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். சிவப்பு மாறவில்லை. ஒயரைத் தடவிக்கொண்டே போனவள் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் நின்றாள். அங்கே ஒயர் துண்டாகியிருந்தது. எலி கடித்திருந்தால் பிசிறு இருக்கும். இது ஒரே வெட்டு.

"எலி இல்ல" என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. "நான்தான்."

பிராமி திரும்பினாள். கஸ்தூரி கையில் காய் நறுக்கும் கத்தி இருந்தது. கேட்டைப் பூட்டியது தப்பு என்று பிராமி நினைத்தாள். கஸ்தூரி கத்தியை மெதுவாக மேடைமேல் வைத்தாள்.

"ஏங்க்கா அறுத்தீங்க?"

"யாராச்சும் வருவாங்கன்னு."

நம்பற மாதிரி பேசுவாள் என்று அவர் சொன்னது பிராமியின் நினைவுக்கு வந்தது. வேலையை முடித்துவிட்டு வெளியே போனால் போதும் என்று இருந்தது. ஒரு கண்ணைக் கத்தியின் மேலேயே வைத்துக்கொண்டு ஒயரை ஒட்டினாள். அதனால் முதல் தடவை சரியாக வரவில்லை. மறுபடி சீவி ஒட்டினாள். இனி முனையை மோடத்தில் சொருக வேண்டியதுதான் பாக்கி.

மேசையருகே வந்தபோது போன் அடித்தது. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னும் வரலையாம்மா?" இளஞ்செழியனின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. "அவ எங்க நிக்கறா? ஏதாவது சொன்னாளா?"

கஸ்தூரி விறுவிறுவென்று நடந்து வந்து ஹால் கேமராவுக்கு நேர் கீழே நின்றாள். முந்தானையைச் சரி செய்துகொண்டாள். கைகளைக் கட்டிக்கொண்டு, முகத்தைக் கேமராவுக்கு நேராக நிமிர்த்தினாள். யாரும் அவளை அங்கே நிற்கச் சொல்லவில்லை.

இதோ முடிஞ்சிடும் சார் என்று சொல்லிப் பிராமி போனை வைத்தாள். கஸ்தூரி அசையவில்லை.

"அக்கா, அது இப்ப ஓடலக்கா."

"தெரியும்மா" என்றாள் கஸ்தூரி. ஆனாலும் கண்ணை இறக்கவில்லை.

பிராமி கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிவதற்கு இடைஞ்சலாக இருந்ததைப் போல, சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்து டி.வி. மேசை மேல் வைத்தாள். மேசைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு மோடத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். வெகு நேரம் நிமிரவே இல்லை.

மறுபடி போன் அடித்தது. இந்தத் தடவை இளஞ்செழியன் கெஞ்சவில்லை.

"எவ்ளோ நேரம்தான் ஆவும்?"

"உள்ள பெரிய ஃபால்ட் சார். சாயங்காலம் ஆயிடும்" என்றாள் பிராமி. ஒட்டி முடித்த ஒயரின் முனை அவள் உள்ளங்கையில் இருந்தது.

"சரி, அவ எங்க?"

பிராமி ஜன்னல் வழியே பார்த்தாள். கேட் ஆளில்லாமல் திறந்து கிடந்தது. அதற்கப்பால் வேலூர் ரோட்டில், பஸ்ஸை விட்டிறங்கிக் கிரிவலத்துக்கு நடக்கிற கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. அதில் யார் யாரென்று தெரியவில்லை.

"இங்கதான் சார், என் பக்கத்துலயே நிக்கறாங்க."