மாடிக் கதவு திறந்ததா?

"'மஞ்சுளா விளக்கைத் தணித்தாள். நீலச் சேலை சரிய, மாடிக் கதவின் தாழ்ப்பாள்மேல் கை வைத்தாள். வெளியே நின்ற சுகுமாரனின் மூச்சு அவள் காதுக்கே கேட்டது...'"

"இரு இரு. நேத்து பச்சைச் சேலைன்னு படிச்சியே கோதண்டம்?"

"அச்சுக் கோத்தவன் தப்பு நைனா. நடுவுல பேசாத."

"ரெண்டு பேரும் நிறுத்துங்கடா!"

புகையிலை மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து காஜா மொய்தீன் சாயபு வெளிப்பட்டார். ராயபுரத்தில் அந்தப் பீடிக் கொட்டகை அவருடையது. இருபது பேர் மடியில் முறத்தோடு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். நடுவில் முக்காலியில் இருந்தவன்தான் கோதண்டம். வலது கையில் இரண்டு விரல் இல்லாததால் அவனால் பீடி சுற்ற முடியாது. ஆகவே அவன் படிப்பான். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கட்டு சுற்றி அவன் பேரில் போடுவார்கள். அவன் வீட்டில் உலை கொதிப்பது அதில்தான்.

காலையில் பேப்பர், சாப்பாட்டுக்கு முன்னால் கதை. பத்து நாளாக 'மஞ்சுளாவின் மஞ்சம்' ஓடியது. வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை ஊரே தலையணைக்கு அடியில் வைத்துப் படிக்கிற நாவல். கோதண்டம் அதை யாரையும் தொட விடமாட்டான். புகையிலைக் கை பட்டால் பக்கம் கெட்டுவிடுமாம்.

சாயபுவுக்குக் கதை என்றாலே வேப்பங்காய். இந்த வயதுவரை ஒரு நாவலைக் கையால் தொட்டதில்லை. "நடக்காதத ஒருத்தன் எழுதுறான், அத நம்பி இன்னொருத்தன் அழுவுறான்" என்பார். அப்படி என்னதான் கெட்டுப்போகிறார்கள் என்று பார்க்கத்தான் மூட்டைக்குப் பின்னால் வந்து நின்றார். பார்க்க ஒரு நாள் போதாதா? மனிதர் ஆறு நாளாக நிற்கிறார்.

"இன்னாடா கலீஜு இது? புள்ளகுட்டிக்காரங்க ஒக்கார்ற எடத்துல?"

"ஷோக்கா போய்க்கினு கீது பாய்," என்றான் லோகநாதன், அங்கே எல்லோரையும்விட வேகமாகச் சுற்றுகிறவன். "கை நிக்கவேயில்ல. வோணும்னா முறத்தப் பாரு."

"வாய மூடு. கோதண்டம், பொஸ்தகத்தக் குடு."

கோதண்டத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. "வாணாம் பாய். எரவல் பொஸ்தகம். பேஜாராப் பூடும்."

"குடுடான்றேன்!" சாயபு பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "நாளையிலேர்ந்து படிப்பும் கெடையாது, ஒனக்கு இங்க வேலையும் கெடையாது."

"வூட்ல மூணு கொயந்த கீது பாய்..."

சாயபு திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மனசு இளகிவிடும் என்று அவருக்கே தெரியும்.

பகல் சாப்பாட்டில் மீன் குழம்பைக்கூட அவர் இரண்டாம் தடவை கேட்கவில்லை. நேராக அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டார்.

"பட்டப்பகல்ல இன்னாத்துக்குக் கதவ சாத்துறீங்க?" என்றாள் மனைவி ரஹீமுன்னிசா வெளியிலிருந்து.

"தலவலி. தூங்கப் போறேன்."

அட்டையில் ஒரு பெண் கூந்தலை அவிழ்த்துவிட்டுச் சிரித்தாள். சாயபு 'தோபா, தோபா' என்று முணுமுணுத்தபடி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் குரல். "தூங்குறவரு இன்னாத்த அப்படிப் பொரட்றீங்க? சரக்கு சரக்குன்னு சத்தம் கேக்குது!"

சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலை கொட்டகை வாசலில் கோதண்டம் கைகட்டி நின்றான். இரவு முழுக்க அவன் தூங்கவில்லை என்று கண்ணே சொன்னது. சாயபு வந்தார். அவன் கையில் புத்தகத்தைத் திணித்தார்.

"உள்ள போய் ஒக்காரு. படி."

சுற்றிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன.

"இன்னா பாய், முழுசும் படிச்சிட்டியா?" என்று லோகநாதன் கண்ணடித்தான். "எப்படி கீது?"

"படிச்சேன். அதுல ஒரு கெடுதலும் இல்ல," என்றார் சாயபு கம்பீரமாக. "இனிமே தெனமும் ஒரு மணி நேரம் கூடவே படிக்கட்டும். தப்புத்தண்டா வந்தா நிறுத்தணுமில்ல? அதுக்குத்தான் நானும் கிட்ட ஒக்கார்றேன்."

முக்காலியை ஒட்டி ஒரு மூட்டையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். கோதண்டம் புத்தகத்தைப் பிரித்தான். சாயபு அவன் காதருகே குனிந்து கிசுகிசுத்தார்.

"மஞ்சுளா கதவத் தொறந்தாளா இல்லியா? மொதல்ல அதச் சொல்லு."

"பொஸ்தகம்... பாய்கிட்டதானே இருந்திச்சு?"

"இருந்திச்சுடா பாவி! ஒரு பக்கத்துல ஒதடு, தோளு, தொடைன்னு பாத்ததும் நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கிச்சு. மேல பாத்தா, 'பல்லி விழும் பலன்'னு போட்டிருக்கு. நாவல் அட்டைக்குள்ள போன வருசத்துப் பஞ்சாங்கத்தத் தச்சு வெச்சிக்கினு, பத்து நாளா ஒன் மண்டையிலேர்ந்துதானே படிக்கிற? சீக்கிரம் அந்தக் கதவத் தொற!"