வெட்டே விழாத படம்

தியேட்டர் திரை ஓரத்துல ரெண்டு பல்லி. படத்துல ஒரு காட்சிய வெட்டி அடுத்தது வந்தா வெளிச்சம் குதிக்கும், பூச்சிக்குக் கண்ணு கூசும். அப்ப லபக்குனு பிடிக்கணும். அதான் பொழப்பு.

அன்னைக்கு ஓடுனது ஒரே ஷாட்ல எடுத்த படம். எதிர்லயே ஒரு கொழுத்த விட்டில்.

"அக்கா, பசி உயிர் போகுது. எப்ப வெட்டுவான்?"

"இருடி, இப்ப வெட்டிருவான்."

கேமரா மாடி ஏறுச்சு, பஸ் ஏறுச்சு, ஆத்துல இறங்குச்சு. வெட்டவே இல்ல!

"அடப்பாவி, மனுசனா இவன்!" ரெண்டும் விட்டிலையே பாத்து வாயப் பொளந்துச்சு.

படம் முடிஞ்சு விளக்கெல்லாம் எரிஞ்சுது. விட்டில் கண்ணைத் தொடச்சுக்கிட்டே கெளம்புச்சு, போறப்ப பல்லிங்க பக்கம் திரும்புச்சு.

"என்னா படம்க்கா! கடைசியில அந்தப் பொண்ணு செத்துப்போச்சே, தாங்கலக்கா."

ரெண்டு பல்லிக்கும் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"எந்தப் பொண்ணு?"