பிரேக் பொத்தான்

"அக்கா, கன்ட்ரோலர் உங்களுக்குப் பழகிட்டே வருது. இன்னும் பத்து நாள்ல அவர் கை மொத்தமா அழிஞ்சு உங்க கை பதிஞ்சிடும்," என்றாள் கடைப்பெண், நல்ல செய்தி சொல்வதுபோல.

பிடிப்பவரின் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும் அந்த வீடியோ கேம் கன்ட்ரோலரை வசுமதி கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கணவன் ஞானசேகர் இறந்து எட்டு மாதம். அவள் கார் ரேஸ் விளையாடும்போது, ஒவ்வொரு வளைவுக்கும் வெகு முன்னாலேயே, அவன் பழக்கப்படி பிரேக் பொத்தான் அவள் விரலுக்கடியில் தானாக இறங்கும். "பயந்தாங்கொள்ளி" என்று முனகுவாள். இந்த வாரம் அந்த அழுத்தம் லேசாகிவிட்டது.

"என் கையைக் கத்துக்காம பூட்ட முடியுமா?"

"முடியும். ஆனா அவர் கையை வெச்சுக்கிட்டு ஒரு ரேஸ்கூட ஜெயிக்க மாட்டீங்கக்கா."

"அவரும்தான் ஜெயிச்சதே இல்லம்மா," என்றாள் வசுமதி. "பூட்டிக் குடு."