கூட வருபவர்

“பேஷண்ட்கூட வர்றதுக்கு ஆள் இருக்கா, இல்லையா? அதை மொதல்ல சொல்லுங்க.”

ஆம்புலன்சின் முன்சீட்டிலிருந்து பிரபா போனில் கேட்டாள். காலையிலிருந்து இது ஏழாவது கேஸ். குரலில் மரியாதை தீர்ந்துபோயிருந்தது.

“இருக்கேம்மா. நான் பக்கத்து வீடு. மைக்கேல்ராஜ்,” என்றது ஒரு வயதான குரல். “பேஷண்ட் பேரு ஓஸ்வால்ட். அறுபத்தெட்டு வயசு. நெஞ்சு வலி. வேர்த்துக் கொட்டுது.”

“சொந்தக்காரங்க?”

“பொண்ணு கனடாவுல. சம்சாரம் தவறி நாலு வருசம் ஆச்சு.”

“அப்ப நீங்கதான் வரணும். கையெழுத்துப் போட ஆள் இல்லேன்னா ஏத்த மாட்டோம்.”

“தெரியும்மா. முன்னாடி கூப்பிட்ட ஆம்புலன்ஸ்லயும் இதையேதான் கேட்டாங்க.”

லிங்கராஜபுரம் பாலத்தில் வண்டி அசையாமல் நின்றது. சைரனுக்கு ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவர் கிருஷ்ணப்பா தலையை வெளியே நீட்டி, “ஸ்வல்ப தாரி கொடி சார்,” என்று கன்னடத்தில் வழிவிடச் சொல்லிக் கெஞ்சிவிட்டு, உள்ளே இழுத்துக்கொண்டார்.

“காலி வண்டியில டீ குடிக்கப் போறோம்னு நெனப்பு மேடம், இவனுங்களுக்கு.”

பிரபா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. போன வாரம் தனியாக இருந்த ஓர் அம்மாவை ஏற்றிக்கொண்டு போனாள். கையெழுத்துப் போட ஆளில்லை என்று ஆஸ்பத்திரியில் நாற்பது நிமிடம் ஸ்ட்ரெச்சரிலேயே கிடத்திவிட்டார்கள். மெமோ பிரபாவுக்குத்தான் வந்தது. ஆள் செத்தாலும் ஃபாரம் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அவர்கள் சட்டம்.

“ஆஸ்பிரின் இருந்தா ஒண்ணு மென்னு முழுங்கச் சொல்லுங்க.”

“ஆச்சும்மா.”

“அவரை எழுந்து நடக்க விடாதீங்க. நீங்க கீழ எறங்கி ரோட்டுல நில்லுங்க. சந்து எங்களுக்குத் தெரியாது.”

“எறங்க முடியாதும்மா. சர்ச்சுக்கு எதிர் சந்து, பச்சை கேட், ரெண்டாவது மாடி.”

“ஏன் முடியாது? ஒரு உயிர் போயிட்டிருக்கு. ரெண்டு மாடி எறங்க உங்களுக்கு வலிக்குதா?”

“அவரைத் தனியா விட்டுட்டு எப்படிம்மா?”

“சரி, கதவையாவது தொறந்து வைங்க. வந்து தட்டிட்டு நிக்க முடியாது.”

வெகுநேரம் சத்தமே இல்லை. பாலத்தை விட்டு வண்டி இறங்கியும் பதில் வரவில்லை. பிரபா இரண்டு தடவை ஹலோ சொல்லிவிட்டாள்.

“தொறந்துட்டேன்,” என்றது குரல் கடைசியில். லைன் துண்டானது.

“ஒரு கதவு தொறக்க இவ்வளவு நேரம். இந்த ஆளு கூட வந்து என்ன கிழிக்கப் போறாரு?” என்றாள் பிரபா.

“ஃப்ரீயா கிடைச்ச அட்டெண்டர் மேடம். சண்டை போட்டு ஓட்டிடாதீங்க.”

பச்சை கேட்டைக் கண்டுபிடித்து, ஆக்சிஜனையும் மடக்கு ஸ்ட்ரெச்சரையும் தூக்கிக்கொண்டு இருவரும் படியேறினார்கள். இரண்டாவது மாடியில் இரண்டே வீடு. ஒன்றில் பூட்டுத் தொங்கியது. இன்னொன்றின் கதவு ஒருச்சாய்த்துத் திறந்திருந்தது.

வாசலுக்கு உள்ளேயே, சுவரில் சாய்ந்து ஒரு பெரியவர் தரையில் கிடந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கிருஷ்ணப்பா படுக்கையறை, சமையலறை, பாத்ரூம் வரை பார்த்துவிட்டு வந்தார்.

“வேற யாரும் இல்ல மேடம்.”

பிரபா மண்டியிட்டு அவர் நாடியைப் பிடித்தாள். “அங்கிள், உங்ககூட இருந்த மைக்கேல்ராஜ் எங்க?”

பெரியவர் கண்ணைத் திறந்தார். இவ்வளவு நேரம் போனில் கேட்ட அதே குரல்.

“அவன் வீட்டைக் காலி பண்ணி ஆறு மாசம் ஆச்சும்மா. ஃபாரத்தைக் குடு. ரெண்டு பேரு கையெழுத்தையும் நானே போட்டுடறேன்.”