மழுங்கிய பிளேடுகள்

அம்புமுனையிலிருந்து முதல் பிளேடைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது ஹார்லனுக்கு ஒன்றும் புரியவில்லை.

விளிம்பு மழுங்கியிருந்தது. நடுவில் எள்ளளவு பெயர்ந்தும் இருந்தது.

போன வருடம் கோடை முடியும்போது இந்த பிளேடுகளைப் புதிதாக மாட்டியவரே அவர்தான். மாட்டிய கொஞ்ச நாளில் பக்கவாதம் வந்து விழுந்தார். அதற்குப் பிறகு வில்லைத் தொடவில்லை. வலது கையால் காப்பிக் கோப்பையைத் தூக்குவதே இன்னும் பெரும்பாடாக இருக்கிறது.

எய்யாத அம்பு எப்படி மழுங்கும்?

விரல்களுக்கு நுணுக்கமான வேலை ஏதாவது கொடுங்கள் என்று, கைப்பயிற்சி கொடுக்க வரும் பெண் சொல்லியிருந்தாள். விஸ்கான்சினில் வில் வேட்டைப் பருவம் தொடங்க இன்னும் சில நாட்களே இருந்தன. காட்டுக்குப் போக முடியாவிட்டாலும் அம்புமுனைகளுக்கு எண்ணெயாவது போடலாமே என்று, மதியச் சாப்பாடு முடிந்ததும் கராஜில் வந்து உட்கார்ந்திருந்தார்.

இடது கையில் திருகு கழற்றும் ஆலன் கீயைப் பிடித்து அடுத்த முனையைத் திறந்தார். இவை மடக்குக் கத்தி மாதிரி. பறக்கும்போது பிளேடுகள் மடங்கியிருக்கும். ஒரு சின்ன ரப்பர் வளையம் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும். மான் மேல் பட்டதும் இரண்டு பக்கமும் விரியும்.

கீலின் இடுக்கில் கறுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினார். கூடவே ஒரு வெள்ளை மயிர் வந்தது.

மானின் அடிவயிற்று மயிர்.

முதலில் தன் மூளையைத்தான் சந்தேகப்பட்டார். சில ஞாபகங்கள் விட்டுப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தானே போய் எய்துவிட்டு மறந்துவிட்டோமா? ஆனால் அந்த இலையுதிர் காலம் முழுக்கப் படுக்கையில் கிடந்ததும், மேற்கூரையில் ஓடிய விரிசலும்கூட நன்றாக நினைவிருந்தன.

அப்போது அவர் சாப்பிட மறுத்துக்கொண்டிருந்தார். கடையில் வாங்கிய கறி எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. உடம்பு துரும்பாகிவிட்டது. ஒருநாள் அவர் மனைவி ஆர்டிஸ் மான்கறிக் குழம்பு கொண்டுவந்து ஊட்டினாள். பக்கத்துப் பண்ணை டெல்மர் கொடுத்தது என்றாள். அன்றைக்குத்தான் கிண்ணம் காலியானது.

பனி உருகியதும் டெல்மரைப் பார்த்து ஹார்லன் நன்றி சொன்னார். அவன் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான். ஆர்டிஸைப் பார்த்தான். பிறகு, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று முனகினான்.

அப்படியென்றால் என் அம்பை எடுத்தவன் அவனா? அவனுக்கு எடுத்துக் கொடுத்தது யார்?

ஹார்லன் எழுந்து சுவரில் தொங்கிய வில்லைத் தடவிப் பார்த்தார். நாணின் இழுவையைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளை யாரோ வெகுவாகத் தளர்த்தியிருந்தார்கள். டெல்மர் கன்றுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறவன். அவனுக்கு எதற்கு இவ்வளவு இலகுவான வில்?

யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது.

பிறகு இன்னொன்று நினைவுக்கு வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

அந்த நாட்களில் மதியவேளையில் அவர் தங்கை வந்து துணைக்கு உட்காருவாள். கடைக்குப் போகிறேன் என்று ஆர்டிஸ் கிளம்புவாள். இருட்டும்போது வருவாள். கையில் பை இருக்காது. கன்னம் சிவந்திருக்கும். ஒருமுறை தலையணையைச் சரிசெய்யக் குனிந்தவளின் முடியில் காய்ந்த ஓக் இலை ஒன்று ஒட்டியிருந்தது.

ரத்தம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் அவள். கராஜில் மான் தொங்கினால், அது போகும்வரை வாசல் வழியாகச் சுற்றித்தான் வருவாள். அவளுக்குக் காட்டில் என்ன வேலை?

டெல்மர் மனைவியை இழந்தவன். ஆள் பார்க்க நன்றாகவும் இருப்பான்.

மீண்டும் வந்து உட்கார்ந்தபோது, பிளேடின் திருகாணி கைபட்டு மேசைக்கடியில் உருண்டு போனது. குனிந்து எடுக்க அவரால் முடியவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சமையலறைக் கதவு திறந்தது. ஆர்டிஸ் துணிக்கூடையோடு வந்தாள். துண்டின் மேல் பரப்பியிருந்த பிளேடுகளைப் பார்த்து நின்றுவிட்டாள்.

அவர் கேட்க நினைத்தது வேறு. வாயில் வந்தது இதுதான்.

"இதையெல்லாம் டெல்மரா எடுத்தான்?"

ஆர்டிஸ் கூடையை இறக்கி வைத்தாள். மண்டியிட்டு மேசைக்கடியில் துழாவி, திருகாணியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"டெல்மரா? அவன் துப்பாக்கி ஆளு, ஹார்லன். வில்லை எந்தப் பக்கம் புடிக்கணும்னே அவனுக்குத் தெரியாது."

இன்னும் பிரிக்காமல் இருந்த ஒரு முனையை எடுத்தாள். விளிம்பில் விரல் படாமல், கட்டைவிரலால் பிளேடை விரித்து மடக்கிப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"பிளேடோட சேர்த்து இந்த ரப்பரையும் மாத்திடு. போன தடவை ஒண்ணு பறக்குறப்பவே விரிஞ்சு, அம்பு எங்கயோ புதருக்குள்ள போயிருச்சு. அதுக்கப்புறம் அந்தக் கொம்பு மான் நான் ஏறி உக்காந்த மரத்துப் பக்கமே தலைகாட்டலை."

சொல்லிவிட்டு ஈரத்துணியை உதறத் தொடங்கினாள்.

ஹார்லன் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், மானை அடித்தது எத்தனை கஜத்தில் என்று மட்டும், ஒரு வேட்டைக்காரர் இன்னொருவரிடம் கேட்கிற குரலில், கேட்டார்.