கட்ட ஒரு மரம்

கயிறு கையில் இருந்தது. கட்டுவதற்குத்தான் மரம் இல்லை.

இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு வாய்க்காலின் இரு கரைகளையும் பார்த்தான். அலையாத்தி மரங்கள் எல்லாவற்றிலும் கயிறு ஏறியிருந்தது. ஊர்ப் படகுகள் மொத்தமும் விடிவதற்குள் உள்ளே வந்துவிட்டன.

துறைமுகத்தில் எட்டாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் கடற்கரையில் படகை விட்டுவைக்கக் கூடாது. அந்த ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். எஞ்சினைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டு, படகை வாய்க்காலுக்குள் தள்ளி வந்து, முன்னும் பின்னும் இரண்டு மரங்களில் கட்ட வேண்டும். நட்ட கம்பில் கட்டினால் போச்சு. வேரோடு நிற்கும் மரம்தான் தாங்கும்.

ஒரு வீட்டுக்கு இரண்டு மரம். யாரும் எழுதி வைக்கவில்லை. அடுத்தவர் மரத்தில் யாரும் கட்டுவதும் இல்லை.

அவனுக்கும் இரண்டு இருந்தன.

இரண்டு வருடத்துக்கு முன்னால், அவை நின்ற வாய்க்கால் வளைவில் இறால் பண்ணை போட வந்தார்கள். காட்டை வெட்ட ஆள் கேட்டார்கள். அவன் அரிவாளோடு போனான். ஒரே வாரத்தில் வளைவு மொட்டையானது. கடைசி நாளன்று தன் இரண்டு மரங்களையும் தானே வெட்டினான். வேறொருவன் வெட்டினால் மனசு கேட்காது என்று தோன்றியதாம். என்ன மனசோ.

அன்றைக்கு அக்கா புருஷன் வேதரத்தினம் கரையில் நின்று கத்தினார்.

"மரத்த வெட்டிப்புட்டு, பொயல் அடிச்சா போட்ட எங்கடா கட்டுவ? பண்ணக்காரன் கால்லயா?"

"பொயலு என்ன, வாராவாரமா வருது?" என்று அவன் திருப்பிக் கேட்டான். கூட வெட்டியவர்கள் சிரித்தார்கள்.

அதோடு பேச்சு நின்றது. அக்கா வீட்டு வாசலை அவன் மிதிக்கவில்லை. தீபாவளிக்குக்கூட.

இன்று காலையில் முதலில் பண்ணைக்குத்தான் போனான். சிமெண்டுத் தூணில் கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டான். காவலுக்கு இருந்தவன் உள்ளேயே விடவில்லை.

மழை சாய்வாக அடிக்க ஆரம்பித்தது. படகு, சந்தைக்குப் போக மறுக்கும் மாடு மாதிரி கயிற்றை இழுத்தது. இது போனால் அவனுக்கு வேறு நாதி இல்லை.

எதிர்க்கரையில் வேதரத்தினம் மரத்தைச் சுற்றிச் சாக்கு கட்டிக்கொண்டிருந்தார். கயிறு உரசிப் பட்டை அறுபடாமல் இருக்க. நிமிர்ந்து இவனைப் பார்த்தார்.

அன்றைக்குக் கேட்டதையே இப்போதும் கேட்பார் என்று நினைத்தான். கேட்கட்டும். செருப்பால் அடித்தாலும் அடிக்கட்டும், மரம் கொடுத்தால் போதும். நினைத்ததும் அவனுக்கே வெட்கமாக இருந்தது.

வேதரத்தினம் கேட்கவில்லை. இருந்ததில் பெரிய மரம் அது. அதிலிருந்து தன் படகின் முன்கயிற்றை அவிழ்த்தார். சாக்கை அப்படியே விட்டார்.

"இதுல கட்டு."

"மச்சான், ஒங்க போட்டு..."

"ரெண்டு கயித்தயும் சின்ன மரத்துல போட்டுக்கிறேன். கட்டுடா, காத்து ஏறுது."

கட்டினான். ஒரு முடிச்சு போதுமான இடத்தில் மூன்று போட்டான்.

மறுநாள் பெரிய மரம் ஓர் இலை இல்லாமல் நின்றது. அதன் கீழே அவன் படகு. மழைத்தண்ணீர் நிரம்பிக் கிடந்தது, கீறல்கூட இல்லை. அவனுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

பிறகுதான் சின்ன மரம் இருந்த இடத்தைப் பார்த்தான். அங்கே ஒரு பள்ளம் இருந்தது.

வேதரத்தினத்தின் படகை மத்தியானம் கண்டுபிடித்தார்கள். வளைவில், பண்ணையின் கரைக்கு வெளியே கிடந்தது. கயிறு இரண்டும் அறுபடவில்லை. வேரோடு பிடுங்கிய மரத்தையும் இழுத்துக்கொண்டே வந்திருந்தது. படகின் அடியில் குத்தி, மேலே வந்து நீட்டிக்கொண்டிருந்தது ஓர் அடிமரம். மேலிருந்து கீழாக, ஒரே சாய்வில் வெட்டியது.

அவன் வெட்டு அது. அவனுக்குத் தெரியாதா?

அக்கா சேற்றில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இவனைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"ஒன் போட்டு இருக்குல்ல தம்பி?"

இரண்டு வருடத்தில் அவள் பேசிய முதல் பேச்சு.

"இருக்குக்கா."

நான்காம் நாள் கடல் அடங்கியது. விடியும் நேரத்தில் அக்கா வீட்டு வாசலை மிதித்தான். மூலையில் தார்ப்பாய் சுற்றி மச்சானின் எஞ்சின் இருந்தது. யாரையும் கேட்காமல் தூக்கித் தோளில் வைத்தான்.

"எதுக்குடா அது?" என்றார் வேதரத்தினம்.

"என் எஞ்சின் இருமுது மச்சான். கௌம்புங்க."

அவன் எஞ்சினுக்கு ஒரு கேடும் இல்லை. போன மாதம்தான் பிரித்து மாட்டியது.

வேதரத்தினம் பின்னால் வந்தார். போன வாரம்வரை சொந்தப் படகு ஓட்டியவர். இன்று தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வலையை ஏற்றிக் கொடுத்து, கடைசியாக ஏறினார். கூலியாள் உட்காரும் முன்பக்கத்துக்குத் தலைகுனிந்தபடி நடந்தார்.

அங்கே இடம் இல்லை. அவன் உட்கார்ந்திருந்தான், கடலைப் பார்த்துக்கொண்டு.

பின்னால், எஞ்சின் பக்கம், படகு ஓட்டுபவர் உட்காரும் பலகை காலியாக இருந்தது.